இதழ்களுக்கு எழுதி வாழ்ந்த பாரதியார்

மாணவர்களே! பாரதியார் என்றவுடன் முறுக்கிய மீசையும் தலைப்பாகையும் நம் கண்முன் தோன்றும். அவருடைய விடுதலைப் பாடல்கள் செவியில் ஒலிக்கும். ஆயினும், அப்பாடல்கள் அவர் வாழ்ந்த நாளில் அவர் வீட்டு அடுப்பை எரியச் செய்யவில்லை. செய்தித்தாள்களுக்கும் இதழ்களுக்கும் எழுதுவதே அவருடைய பிழைப்பாக இருந்தது. அத்தொழிலை அவர் எவ்வாறு அடைந்தார், இழந்தபின் எவ்வாறு மீண்டும் தேடிக்கொண்டார் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் காசி வாழ்க்கையும்

சுப்பிரமணியன் 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தார். தந்தையார் சின்னச்சாமி ஐயர். தாயார் இலக்குமி அம்மாள். ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினோராம் வயதில் அவருடைய கவித்திறனைக் கண்டு வியந்த புலவர்கள் பாரதி என்னும் பட்டத்தை வழங்கினர். 1897ஆம் ஆண்டு செல்லம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டே தந்தையாரும் மறைந்தார். ஆதரவு தேடிக் காசியில் வாழ்ந்த அத்தை குப்பம்மாளின் இல்லத்திற்குச் சென்றார்.

இன்று நீங்கள் வாழ்வது போன்றே, தமிழ் வழங்காத ஊரில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். காசியில் வடமொழியும் இந்தியும் கற்றார். ஆங்கில அறிவையும் வளர்த்துக்கொண்டார். தலைப்பாகை அணியும் வழக்கமும் அங்கேயே தொடங்கியது. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வாழ்ந்த அவ்வாழ்க்கை, பின்னாளில் அவருடைய தொழிலுக்கு முதலாக அமைந்தது.

அச்சில் வந்த முதல் கவிதை

1902ஆம் ஆண்டு எட்டயபுரத்திற்குத் திரும்பிய பாரதியார், சிறிது காலம் அரண்மனைப் பணியில் இருந்தார். ஆனால், அப்பணி அவர் மனத்திற்கு ஒத்துவரவில்லை. அங்கிருந்து விலகி மதுரைக்குச் சென்றார். 1904ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மதுரையிலிருந்து வெளிவந்த விவேகபாநு என்னும் இதழில் தனிமை இரக்கம் என்ற கவிதை வெளியாயிற்று. அவருடைய கவிதைகளுள் முதன்முதலில் அச்சேறியது அதுவே. சிறுவயதிலேயே பட்டம் பெற்ற புலவராயினும், தம் கவிதையை அச்சில் காண இருபத்தோரு வயது கடக்கும்வரை அவர் காத்திருக்க நேர்ந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகப் பணியாற்றினார். சில திங்கள்களில் அப்பணி முடிந்தது. நவம்பரில் சென்னைக்குச் சென்று, ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய சுதேசமித்திரன் நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார்.

தொழில் கற்ற இடம்

அக்காலத்தில் வெளியூர்ச் செய்திகள் தந்தி வழியாக ஆங்கிலத்தில் வந்து சேரும். அவற்றை அச்சுக்கோக்கும் நேரத்திற்குள் தமிழாக்கித் தருவது உதவி ஆசிரியரின் பொறுப்பு. தலைவர்களின் நீண்ட சொற்பொழிவுகளையும் மொழிபெயர்க்க வேண்டும். அரசியலிலும் அறிவியலிலும் நாள்தோறும் புதுப்புதுச் சொற்கள் வந்தன. அவற்றிற்கு நிகரான தமிழ்ச் சொல்லை நிகண்டில் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது. தேடி எடுத்த சொல்லும் கடைவீதியில் இதழைப் படிப்பவருக்கு விளங்கவேண்டும். அரண்மனையில் புலவர்களுக்காகப் பாடியவர், இங்கே பொதுமக்களுக்காக எளிய உரைநடை எழுதப் பழகினார்.

1905ஆம் ஆண்டு பெண்கள் முன்னேற்றத்திற்காக வெளிவந்த சக்கரவர்த்தினி என்னும் திங்களிதழின் ஆசிரியரானார். 1906ஆம் ஆண்டு இந்தியா என்னும் வார இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். கேலிச்சித்திரங்களால் அரசியலை விளக்கிய அவ்விதழ், எழுத்தறிவு குறைந்தவரையும் கவர்ந்தது. 1907ஆம் ஆண்டு சூரத்தில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டிற்குச் சென்று வந்து, அப்பயணத்தைச் சிறு நூலாகவும் எழுதி வெளியிட்டார்.

சொந்த இதழ் இல்லாத ஆண்டுகள்

1908ஆம் ஆண்டு ஆங்கில அரசு இந்தியா இதழின்மீது வழக்குத் தொடுத்தது. கைதாவதைத் தவிர்க்க, பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். இந்தியா இதழும் அங்கிருந்து வெளிவந்தது. ஆனால், அதைப் படிப்பவர்களுள் பெரும்பாலோர் ஆங்கில ஆட்சிப் பகுதியில் வாழ்ந்தனர். அங்கே இதழ் நுழையக் கூடாது என்று அரசு தடுத்தது. படிப்பவரை இழந்த இதழ் 1910ஆம் ஆண்டு நின்றது.

மனைவி செல்லம்மாளும் தங்கம்மாள், சகுந்தலா என்னும் பெண்மக்கள் இருவரும் கொண்ட குடும்பத்திற்கு இனி மாதச் சம்பளம் இல்லை. பிறர் நடத்தும் இதழ்களுக்கு வெளியிலிருந்து எழுதி அனுப்புவதே எஞ்சிய வழி. அதுவும் எளிதாக இல்லை. 1910ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி, அரசு விரும்பினால் அச்சகத்தாரிடமும் இதழ் நடத்துவோரிடமும் பிணைத்தொகை கேட்கலாம். எழுத்தில் குற்றம் கண்டால் அத்தொகையைப் பறித்துக்கொள்ளலாம். ஆகவே, அரசின் கண்காணிப்பில் உள்ள ஒருவரின் எழுத்தை வெளியிட ஆசிரியர்கள் தயங்கினர். ஒரு கட்டுரையால் ஓர் இதழே மூடப்படக்கூடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது.

இந்நிலையிலும் பாரதியார் எழுதுவதை விடவில்லை. சென்னை இந்து நாளிதழின் ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் கடிதங்கள் எழுதினார். அத்தகைய கடிதங்களால் பொருள் வராது. ஆனால், எழுதுகிறவர் இன்னும் இருக்கிறார் என்பதைப் படிப்பவர் மறவாதிருப்பர். சுப்பிரமணிய சிவா நடத்திய ஞானபாநு இதழில் சின்னச் சங்கரன் கதை என்னும் நகைச்சுவைக் கதையை எழுதினார். அன்னிபெசன்ட் அம்மையார் நடத்திய இதழ்களில் ஆங்கிலக் கட்டுரைகள் வெளியாயின.

1915ஆம் ஆண்டிற்குப் பின் சுதேசமித்திரனில் அவர் எழுத்துகள் மிகுதியாக இடம்பெற்றன. அப்போது ஏ. ரங்கசாமி ஐயங்கார் அதன் ஆசிரியராக இருந்தார். நேரடி அரசியலுக்கு இடமில்லாதபோது பெண் கல்வி, தமிழ் வளர்ச்சி, இசை, சாதி வேற்றுமை, அண்டை வீட்டுப் பேச்சு எனப் பல பொருள்களை எடுத்துக்கொண்டார். காளிதாசன், சக்திதாசன் முதலிய புனைபெயர்களிலும் எழுதினார். தராசு என்னும் தொடரில் ஒரு கடையையும் பேசும் தராசு ஒன்றையும் படைத்தார். கடைக்கு வருவோர் கேள்வி கேட்பர். தராசு நிறுத்து விடை சொல்லும். எந்தக் கருத்தையும் சுவையோடு உரைக்க அவ்வமைப்பு இடம் தந்தது.

எழுதினால்தான் வீட்டிற்குப் பொருள் வரும் என்ற நிலையின் சுமை செல்லம்மாளின் தோளிலும் விழுந்தது. சமையலுக்காக அவர் எடுத்து வைத்த அரிசியைப் பாரதியார் ஒருநாள் முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்ததை, அக்குடும்பத்தோடு பழகிய யதுகிரி அம்மாள் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். கவிஞரின் அன்புள்ளத்திற்குச் சான்றாக அந்நிகழ்ச்சியை நாம் போற்றுகிறோம். அன்றைய உணவிற்கு என்ன செய்வது என்று கலங்கி நின்ற செல்லம்மாளையும் அதனுடன் நினைத்துப் பார்த்தல் வேண்டும். அவருடைய பொறுமையில்லாமல் அந்தக் கட்டுரைகள் எழுதப்பட்டிருக்க மாட்டா.

மீண்டும் சுதேசமித்திரன்

1918ஆம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறியபோது கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். சில வாரங்களில் விடுதலை பெற்றார். ஆனால், தம் எழுத்துகளைக் காவல்துறை உயர் அதிகாரியிடம் காட்டி இசைவு பெற்ற பின்னரே வெளியிட வேண்டும் என்ற கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் தங்கினார். தம் நூல்களை நாற்பது பகுதிகளாக அச்சிடத் திட்டமிட்டுப் பலரிடம் உதவி வேண்டினார். போதிய ஆதரவு கிட்டவில்லை.

கட்டுப்பாடுகள் நீங்கிய பின், 1920ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்குத் திரும்பிச் சுதேசமித்திரனில் மீண்டும் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு அவர் தொழில் கற்ற இடம் அது. இடையில் வெளியிலிருந்து தொடர்ந்து எழுதி வந்தமையால், அவ்வலுவலகத்திற்கும் அவருக்கும் இருந்த உறவு அறுபடவில்லை.

1921ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்தில் வாசகசாலை விழாவில் பேசினார். திரும்பி வந்ததும் அப்பயணத்தைச் சுதேசமித்திரனுக்குக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தார். அதற்கடுத்த செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிரம்புமுன், திருவல்லிக்கேணி இல்லத்தில் மறைந்தார். வாழ்வின் கடைசி வாரங்களிலும் தாம் கண்டதை இதழுக்கு எழுதித் தருபவராகவே இருந்தார்.

நாம் அறிவது

இதழாசிரியர் ஒருவர் எழுத்தாளரின் பட்டத்தைப் பார்த்து இடம் தருவதில்லை. தம் வாசகருக்கு இன்று பயன்படும் எழுத்து எது என்றே பார்ப்பார். அந்த இதழைப் படிப்பவர் யார், அதில் எதற்கு இடமுண்டு, எவ்வளவு இடமுண்டு என்பவற்றைப் பாரதியார் அறிந்திருந்தார். ஒரு வாயில் அடைபட்டபோது வேறு பொருளில், வேறு வடிவில், வேறு மொழியில் எழுதினார். தம் கொள்கையை மட்டும் விற்கவில்லை. இத்தொழிலில் வரும் பொருள் சிறிது. வரும் நாளும் உறுதியன்று. அதை அறிந்தே அவர் அதில் நிலைத்து நின்றார்.

மாணவர்களே! நீங்கள் வாழும் ஊரைப்பற்றித் தமிழ்நாட்டில் உள்ள சிறுவர்கள் அறியாத செய்திகள் பல உங்களுக்குத் தெரியும். அங்குள்ள திருவிழா, சந்தை, உணவு, பருவமழை ஆகியவற்றை நீங்கள் நேரில் காண்கிறீர்கள். இரு மொழி அறிந்த உங்கள் கண்களே உங்கள் முதல். எழுதிப் பழகுங்கள், இதழ்களுக்கு அனுப்புங்கள். வெளியாகாவிடினும் மீண்டும் எழுதுங்கள்.

பயிற்சி

1. காசியில் பெற்ற பன்மொழி அறிவு பாரதியாரின் இதழ்ப்பணிக்கு எவ்வாறு உதவியது?

2. புதுச்சேரியில் இந்தியா இதழ் நின்றதற்குக் காரணம் யாது?

3. பாரதியாரின் எழுத்தை வெளியிட இதழாசிரியர்கள் ஏன் தயங்கினர்?

4. செல்லம்மாளின் நிலையில் உங்களை வைத்து, அந்நாள் நிகழ்ச்சியைப் பத்து வரிகளில் எழுதுக.

5. தமிழ்ச் சிறுவர் இதழ் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படித்து, அதற்கு ஏற்றவாறு உங்கள் ஊரைப்பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.