பி.கே.ன்னா யாரு?

உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டாக்எக்ஸ் ஃபைலை ஒரு ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்து பாருங்க. முதல் நாலு பைட் 50 4பி 03 04. வலது பக்கம் எழுத்தா பார்த்தா முதல் ரெண்டும் பி, கே. ஏபிகே, ஜார், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் எதைத் திறந்தாலும் இதே கதைதான். அது ஒருத்தரோட இனிஷியல்: ஃபில் காட்ஸ்.

1962-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் பிறந்தவர். படிச்சதும் அங்கேயே, கம்ப்யூட்டர் சயின்ஸ் (நம்ம ஆளு!). மோடத்துல ஃபைல் இறக்கின காலம் அது. சைஸ் குறைஞ்சா போன் பில்லும் குறையும். அதுக்கு எல்லாரும் பயன்படுத்தினது எஸ்.இ.ஏ. கம்பெனியோட ஆர்க். காட்ஸ் அதையே அசெம்பிளி சேர்த்து வேகமாக்கி பிகேஆர்க்னு வெளியிட்டார். 1986-ல் பிகேவேர் கம்பெனி. அம்மா வீட்டு சமையலறை மேஜைதான் ஆபீஸ்.

1988-ல் எஸ்.இ.ஏ. கேஸ் போட்டது. சமரசத்துல முடிஞ்சது, காட்ஸ் ஆர்க்கை விடவேண்டியதாச்சு. அன்னைக்கு யூசர்கள் பலரும் காட்ஸ் பக்கம். ஆனா எஸ்.இ.ஏ. பக்கம் நியாயமே இல்லைன்னு என்னால சொல்ல முடியலை.

1989-ல் ஜிப் ஃபார்மட்டோட வந்தார். இந்த தடவை ஸ்பெக்கை எல்லாருக்கும் திறந்தே வெச்சார். அதோட அருமை எனக்குப் போன செமஸ்டர்லதான் புரிஞ்சது. பென் டிரைவை அவசரமா பிடுங்கினதுல என் ரிப்போர்ட்டோட வால் பகுதி போச்சு. சென்ட்ரல் டைரக்டரி இருக்கறது அந்த வால்லதான், அதனால ஃபைல் திறக்கவே இல்லை. ஆனா உள்ளே இருக்கற ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னாடி தனி ஹெட்டர் உண்டு. ஸ்பெக்கைப் பார்த்து எடிட்டர்ல ஒரு ஸ்ட்ரக்ட் எழுதினேன்: ஆஃப்செட் 8-ல் கம்ப்ரஷன் முறை, 18-ல் சுருங்கின சைஸ், 26-ல் பேரோட நீளம், 28-ல் எக்ஸ்ட்ரா நீளம், 30-ல் பேர். எல்லாமே லிட்டில் எண்டியன், அதை மறந்து அரை மணி நேரம் போச்சு. முறை 8-னு இருந்தா டிஃப்ளேட். அதுவும் காட்ஸ் உருவாக்கினதுதான். பிஎன்ஜி படத்துக்குள்ளயும் இருக்கு. அந்த பைட்டுகளை மட்டும் வெட்டி விரிச்சேன், ரிப்போர்ட் எழுத்து முழுசா கிடைச்சது. படங்கள் ரெண்டு போனது போனதுதான்.

கம்பெனி வளர வளர காட்ஸ் குடிக்குள்ள போனார். வீடு இருந்தும் ஹோட்டல் ரூம்களிலேயே நாட்கள் கழிஞ்சது. 2000 ஏப்ரல் 14-ல் மில்வாக்கி ஹோட்டல் ஒண்ணுல இறந்து கிடந்தார். வயசு 37.