பத்தே புள்ளியில் பட்டம் வென்ற என்ஜினீயர்

அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் என்றால் மக்களுக்கு உயிர். சாலையில் ஓடும் கார்களின் தோற்றம் கொண்ட பந்தயக் கார்கள், முட்டை வடிவப் பாதையில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் பறக்கும். அந்தக் காலத்தில் ஆண்டு முழுவதும் சேர்த்த புள்ளிகளை வைத்து, கடைசிப் பந்தயத்தின் முடிவில் சாம்பியன் யார் என்று தீர்மானித்தார்கள்.

அப்படி ஒரு கடைசிப் பந்தயத்தில், ஒரே ஒரு சுற்றால் பட்டத்தைத் தட்டிச் சென்றவர் ஆலன் குல்விக்கி.

ஊரை விட்டுப் புறப்பட்டார்

குல்விக்கி 1954 டிசம்பர் 14-ந் தேதி பிறந்தார். வட அமெரிக்கக் குளிர் பிரதேசமான விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகரை அடுத்த கிரீன்பீல்டில் வளர்ந்தார். போலந்து வம்சாவளிக் குடும்பம். தந்தை பந்தயக் கார்களுக்கு என்ஜின் கட்டுபவர். தாயை இளம் வயதிலேயே இழந்தார்.

1977-ல் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் பட்டம் பெற்றார். நல்ல சம்பளத்தில் உத்தியோகம் பார்த்திருக்கலாம். ஆனால் மனம் பந்தயத்தில் இருந்தது.

பெரிய பந்தயக் குழுக்கள் எல்லாம் தெற்கே, வடக்குக் கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரைச் சுற்றி இருந்தன. அங்கே போகத் தம்மிடம் இருந்த சாமான்களில் பெரும்பகுதியை விற்றார். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, சாமான் ஏற்ற வைத்திருந்த டிரக் மின்கசிவால் எரிந்து போனது. குல்விக்கி தயங்கவில்லை. வேறொரு டிரக்கை இரவல் வாங்கிக்கொண்டு, 800 மைலுக்கு மேல் பயணம் செய்து சார்லட் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பெரிய முதலாளி யாரும் துணை இல்லை.

ஒரு கார், இரண்டு என்ஜின்

1986-ல் சொந்தக் குழு நடத்தத் தொடங்கினார். இருந்தது ஒரு கார், இரண்டு என்ஜின், முழுநேர ஆட்கள் இருவர். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்கே கிடைத்தது.

முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே. வேலையில் சிறு குறையும் பொறுக்கமாட்டார். அவரிடம் வேலை பார்ப்பது கஷ்டம் என்று பெயர். ஆனால் ஆட்களைவிட அதிகம் உழைத்தவர் அவர்தான்.

1988-ல் பீனிக்ஸ் நகரில் முதல் வெற்றி. வென்றதும் காரைத் திருப்பி, பாதையில் எதிர்த்திசையில் ஒரு சுற்று ஓட்டினார். ஓட்டுநர் பக்கம் ரசிகர்களை நோக்கி இருந்ததால், எல்லோருக்கும் கையசைக்க முடிந்தது. அதற்குப் போலந்து வெற்றிச் சுற்று என்றே பெயர் வந்தது.

ஜூனியர் ஜான்சன் என்ற பெரும் குழு முதலாளி, தம் காரை ஓட்ட வரும்படி அழைத்தார். குல்விக்கி மறுத்துவிட்டார். 1991-ம் ஆண்டை நிலையான விளம்பரக் கம்பெனிகூட இல்லாமல்தான் தொடங்கினார். அப்போதும் சொந்தக் குழுவைக் கைவிடவில்லை.

கடைசிப் பந்தயம்

1992-ல் இரண்டு பந்தயங்களை வென்றார். செப்டம்பரில் டோவர் நகரில் கார் மோதியது. பந்தயங்கள் ஆறே பாக்கி. முதலிடத்தில் இருந்த பில் எலியட்டைவிட 278 புள்ளி பின்தங்கி இருந்தார். எலியட் ஓட்டியது அதே ஜூனியர் ஜான்சனின் காரை!

ஆனால் எலியட்டுக்கு அடுத்தடுத்துச் சோதனை. குல்விக்கி முன்னேறினார். நவம்பர் 15-ந் தேதி அட்லாண்டாவில் கடைசிப் பந்தயம். டேவி அல்லிசன் முதலிடம். அவருக்கு 30 புள்ளி பின்னால் குல்விக்கி. 40 புள்ளி பின்னால் எலியட்.

குல்விக்கியின் கார் போர்டு தண்டர்பேர்ட். அதன் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளை எடுத்துவிட்டு, அண்டர்பேர்ட் என்று மாற்றிக்கொண்டார். எளியவன் ஓட்டும் கார் என்று அதற்கு அர்த்தம்!

மொத்தம் 328 சுற்றுகள். முதல் தடவை டயர் மாற்ற நிறுத்தியபோதே முதல் கியர் உடைந்தது. பிறகு ஒவ்வொரு முறையும் ஆட்கள் காரைத் தள்ளித்தான் கிளப்பினார்கள். நடுவில் வேறொரு கார் தடுமாற, அல்லிசனும் மோதலில் சிக்கி, அவர் வாய்ப்பு பறிபோனது. எஞ்சியவர்கள் இருவர்.

அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடியவருக்கு அப்போது ஐந்து புள்ளி கூடுதல். குல்விக்கியின் ஆட்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதன்படி 310-வது சுற்று வரை முன்னணியை விடாமல் இருந்து, அதன் பிறகே பெட்ரோல் போட ஒதுங்கினார். பந்தயத்தை எலியட் வென்றார், குல்விக்கி இரண்டாவது. ஆனால் முன்னணியில் ஓடியது குல்விக்கி 103 சுற்று, எலியட் 102 சுற்று!

குல்விக்கி 4,078 புள்ளி, எலியட் 4,068. அந்த ஒரு சுற்று கை மாறியிருந்தால் இருவரும் சமம். அந்த ஆண்டு ஐந்து பந்தயங்களை வென்றிருந்த எலியட்டுக்கே பட்டம் போயிருக்கும்.

ஐந்தே மாதம்

அந்தப் புகழை அனுபவிக்க ஆயுள் இல்லை. 1993 ஏப்ரல் 1-ந் தேதி பிரிஸ்டல் பந்தயத்துக்கு வந்துகொண்டிருந்த சிறு விமானம், டென்னசி மாநிலத்தில் தரை இறங்கும் முன் விழுந்து நொறுங்கியது. உடன் வந்த மூவரும் மாண்டனர். குல்விக்கிக்கு வயது 38.

மறுநாள் மழை. அவருடைய பந்தயக் காரைச் சுமந்துவந்த டிரக், முகப்பில் கறுப்பு மலர்வளையத்துடன் பிரிஸ்டல் பாதையை மெதுவாக வலம் வந்து வெளியேறியது. மற்றக் குழுவினர் நின்று பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து அங்கே வென்ற ரஸ்டி வாலஸ், காரைத் திருப்பி, எதிர்த்திசையில் ஒரு சுற்று ஓட்டினார்.