சிப்பாயின் சம்பளத்தை வீடு சேர்த்த சீமாட்டி

பட்டாளத்தில் இருக்கும் மகனிடமிருந்து மணியார்டர் வந்தால், அன்று வீட்டில் விசேஷம்தான்.

தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே தாயின் முகம் மலர்ந்துவிடும். மளிகைக் கடன் அடையும். பிள்ளை நலமாக இருக்கிறான் என்ற நிம்மதியும் பணத்தோடு சேர்ந்து வரும்.

இப்போது படைவீரரின் சம்பளம் நேரே வங்கிக் கணக்கில் ஏறுகிறது. போர்முனையில் உழைப்பவனின் காசு ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு வந்து சேர்வதில் நமக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஒரு காலத்தில் நிலைமை அப்படி இல்லை. அதை மாற்றப் பாடுபட்டவர்களில் ஒரு பெண்மணியும் உண்டு. அவர்தான் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

இரவு நேரத்தில் கையில் விளக்குடன் நோயாளிகளைச் சுற்றி வந்தவர் என்று அவரை எல்லோரும் அறிவார்கள். அதே கையால் அவர் சிப்பாய்களின் காசை வாங்கி, அவர்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்த கதை பலருக்குத் தெரியாது.

செல்வ மகள்

இத்தாலி நாட்டில் உள்ள புளோரன்ஸ் நகரில் 1820-ம் ஆண்டு மே 12-ந் தேதி அவர் பிறந்தார். ஊரின் பெயரையே பெற்றோர் குழந்தைக்கு வைத்தார்கள்.

பெற்றோர் இங்கிலாந்தைச் சேர்ந்த பெரும் பணக்காரர்கள். தந்தையே மகளுக்கு ஆசிரியராக இருந்து பல மொழிகள் கற்றுக்கொடுத்தார். கணக்கு என்றால் புளோரன்சுக்கு உயிர்.

நல்ல இடத்தில் மணம் முடிக்க வேண்டும் என்று தாய் விரும்பினார். மகளோ நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் போவதாகச் சொன்னார். வீட்டில் புயல் வீசியது. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி வேலை, நல்ல குடும்பத்துப் பெண்கள் பார்க்கும் வேலையாகக் கருதப்படவில்லை.

பல ஆண்டுகள் அவர் பொறுமையாகக் காத்திருந்தார். 1851-ல் ஜெர்மனியில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் பயிற்சி பெற்றார். 1853-ல் லண்டனில் ஒரு சிறு ஆஸ்பத்திரியின் தலைவியானார்.

மறு ஆண்டு, யுத்தம் அவரை அழைத்தது.

ஸ்குடாரி ஆஸ்பத்திரி

1854-ல் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியின் பக்கம் நின்று ரஷ்யாவுடன் போரிட்டன. கிரிமியா என்ற இடத்தில் கடும் சண்டை நடந்தது. காயம்பட்டவர்களும் நோயுற்றவர்களும் கப்பல் ஏறி, கருங்கடலைத் தாண்டி, ஸ்குடாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதிதான் ஸ்குடாரி.

அங்கே கட்டில் போதவில்லை. மருந்து போதவில்லை. கட்டிடத்துக்கு அடியில் சாக்கடை நாறியது. குண்டடியைவிட நோயினால் மாண்டவர்களே அதிகம்.

மந்திரி சிட்னி ஹெர்பர்ட் கேட்டுக்கொண்டபடி, 38 தாதியரை அழைத்துக்கொண்டு நைட்டிங்கேல் புறப்பட்டார். நவம்பர் 4-ந் தேதி ஸ்குடாரி வந்து சேர்ந்தார். கழுவினார், துடைத்தார், சமையலைச் சீர்படுத்தினார். 1855 மார்ச்சில் சர்க்கார் அனுப்பிய சுகாதாரக் குழு சாக்கடைகளைச் சுத்தம் செய்தது. அதன் பிறகு சாவு வேகமாகக் குறைந்தது.

உடம்பு தேறிய சிப்பாய்களைப் பார்த்தபோது, அம்மையாருக்குப் புதிய கவலை ஒன்று பிறந்தது.

ஒரு ஷில்லிங் சம்பளம்

சாதாரணச் சிப்பாயின் சம்பளம் நாளைக்கு ஒரு ஷில்லிங். அதாவது 12 பென்ஸ். சாப்பாட்டுக்கும் மற்றவற்றுக்கும் அதிலிருந்து பிடித்துக்கொள்வார்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்தாலும் பிடித்தம் உண்டு. குண்டடி பட்டவனுக்கு நாலரை பென்ஸ் பிடித்தம். காய்ச்சலோ பேதியோ கண்டவனுக்கு 9 பென்ஸ்! நோய் வந்ததும் யுத்தத்தால்தானே? அவனை மட்டும் ஏன் தண்டிக்க வேண்டும்?

விக்டோரியா மகாராணி, சிப்பாய்களுக்கு என்ன செய்யலாம் என்று விசாரித்தபோது, நைட்டிங்கேல் இந்த அநியாயத்தைத்தான் எழுதினார். இருவருக்கும் ஒரே பிடித்தம் என்று உத்தரவு வந்தது.

கையில் மிஞ்சிய பணமாவது வீடு போய்ச் சேர்ந்ததா? இல்லை. ஸ்குடாரியில் சாராயக் கடைகள் வரிசையாக இருந்தன. சம்பளம் அங்கேதான் கரைந்தது.

ஊரிலோ மனைவி மக்கள் தவித்தார்கள். பட்டாளத்தோடு கப்பலில் செல்ல மிகச் சில மனைவியருக்கே அனுமதி கிடைத்தது. மற்றவர்கள் கூலி வேலை செய்தார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் தர்ம விடுதியின் கதவைத் தட்டினார்கள்.

குற்றம் யாருடையது?

சிப்பாய் என்றாலே குடிகாரன், அவனைத் திருத்த முடியாது என்று அதிகாரிகள் பலர் நினைத்தார்கள். நைட்டிங்கேல் அவர்களைக் கெடுக்கிறார் என்றுகூடக் குறை சொன்னார்கள்.

அம்மையார் வேறு விதமாக யோசித்தார். கையில் காசு இருக்கிறது. பொழுதைப் போக்க வேறு இடம் இல்லை. வீட்டுக்கு அனுப்ப நம்பிக்கையான வழியும் இல்லை. அவன் குடிக்காமல் என்ன செய்வான்?

பணத்தைச் சேர்க்க வழியே இல்லை என்று சொல்ல முடியாது. படைப்பிரிவுகளில் சேமிப்பு வங்கி வைக்க 1842-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது பணத்தைப் பட்டாளத்துக்குள்ளேயே சேர்த்து வைக்கும் ஏற்பாடு. வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் சம்பளப் பட்டுவாடா அதிகாரியிடம் போக வேண்டும். சிப்பாய்களுக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை.

யாரிடம் அவர்களுக்கு நம்பிக்கை? இரவெல்லாம் கண்விழித்துத் தங்களைக் காத்த அம்மையாரிடம்!

மாதம் நான்கு பிற்பகல்

நைட்டிங்கேல் தாமே ஒரு சிறிய மணியார்டர் ஆபீசைத் தொடங்கினார்.

மாதத்தில் நான்கு நாள், பிற்பகலில் அவர் பணம் வாங்குவார். வீட்டுக்கு அனுப்ப விரும்பும் எந்தச் சிப்பாயும் வரலாம். ஒருவர் 20 ஷில்லிங் கொடுப்பார். இன்னொருவர் 30 ஷில்லிங் கொடுப்பார். அந்தத் தொகை இங்கிலாந்தில் இருந்த அவருடைய உறவினர் சாமுவேல் ஸ்மித்துக்குப் போகும். அவர் அங்கே தபாலாபீசில் மணியார்டர் எடுத்து, சிப்பாயின் குடும்பத்துக்கு அனுப்பி வைப்பார்.

மாதம் சுமார் ஆயிரம் பவுன் இப்படிச் சேர்ந்தது. எல்லாம் சில்லறைத் தொகைகள். குடிகாரர்கள் என்று பெயர் வாங்கியவர்களின் பணம்!

அனுப்புவதற்கு வழி செய்ததோடு அவர் நிற்கவில்லை. 1855 செப்டம்பரில் ஸ்குடாரியில் இன்கர்மன் காபி கிளப் திறக்கப்பட்டது. படிக்கும் அறைகள் ஏற்பட்டன. செய்தித்தாள்கள் வந்தன. எழுதப் படிக்கச் சொல்லித்தர ஆசிரியர்களும் வந்தார்கள். படைத் தளபதி ஸ்டார்க்ஸ் துணை நின்றார். சாராயக் கடைகள் பல மூடப்பட்டன.

மந்திரிசபை வரை

ஒரு பெண்மணி எத்தனை நாள் பணம் எண்ணிக்கொண்டிருக்க முடியும்? இது சர்க்கார் செய்ய வேண்டிய வேலை என்று அம்மையார் மகாராணிக்கு எழுதினார். கடிதம் மந்திரிசபைக்கு வந்தது.

யுத்த மந்திரி பான்முர் பிரபுவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. வீட்டுக்குப் பணம் அனுப்புவது சிப்பாயின் சுபாவமே அல்ல என்பது அவர் கட்சி. ஆனாலும் சர்க்கார் இணங்கியது.

கான்ஸ்டாண்டிநோபிள், ஸ்குடாரி, பாலக்லாவா, கிரிமியாவின் ராணுவத் தலைமையிடம் ஆகிய நான்கு இடங்களில் மணியார்டர் ஆபீசுகள் திறக்கப்பட்டன.

ஆறு மாதத்தில் வீடுகளுக்குச் சென்ற தொகை 71,000 பவுன்!

ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 லட்சத்து 20 ஆயிரம் ஷில்லிங். ஒரு சிப்பாய்க்கு ஒரு நாள் சம்பளம் ஒரு ஷில்லிங் என்றால், இது 14 லட்சத்து 20 ஆயிரம் நாள் சம்பளம். சிப்பாயின் சுபாவம் எது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பிறகு நடந்தது

1856-ல் யுத்தம் முடிந்தது. நைட்டிங்கேல் ஆரவாரம் இல்லாமல் ஊர் திரும்பினார். போர்முனையில் கண்ட காய்ச்சல் அவர் உடம்பை உருக்கிவிட்டது. வாழ்நாளின் பெரும்பகுதியை அறைக்குள்ளேயே கழித்தார். அங்கிருந்தே ராணுவச் சுகாதாரத்துக்காக எழுதிக் குவித்தார். 1860-ல் லண்டனில் தாதியர் பயிற்சிப் பள்ளியை ஏற்படுத்தினார். இந்தியாவுக்கு அவர் ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் இந்தியாவில் இருந்த சிப்பாய்களுக்காகவும், இந்தியக் கிராம மக்களுக்காகவும் அவர் பேனா ஓயவில்லை.

பிரிட்டனில் 1861-ல் தபாலாபீஸ் சேமிப்பு வங்கி தொடங்கியது. 1882-ல் ராணுவத்துக்கென்று தனித் தபால் படை உண்டாயிற்று. அதே 1882-ல் இந்தியாவிலும் தபாலாபீஸ் சேமிப்பு வங்கி வந்தது. 1972-ல் இந்திய ராணுவத் தபால் பிரிவு தனிப் படைப்பிரிவானது. இவை எல்லாம் ஒருவரால் வந்தவை அல்ல. பலர் உழைப்பின் பலன். ஆனால் சிப்பாயை நம்பிப் பணம் அனுப்ப வழி செய்தால் அவன் அனுப்புவான் என்பதைச் செய்து காட்டியவர்களில் நைட்டிங்கேல் முன்வரிசையில் நிற்கிறார்.

1910-ம் ஆண்டு ஆகஸ்ட் 13-ந் தேதி, 90-வது வயதில் அவர் கண்ணை மூடினார்.

ஏழையின் கையில் காசு தங்காது என்று சொல்லுவது சுலபம். அது தங்குவதற்கு ஓர் இடம் செய்து கொடுப்பதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையை அம்மையார் செய்தார். அதனால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது.