பூட்டிய மைதானத்தைத் திறந்தவர்

கடந்த தவணையில் வலைப்பந்து அணியிலிருந்து விலகும்படி உம்மா சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது, பந்து சோறு போடாது என்பது அவரது வாதம். அதற்குப் பதில் தேடித்தான் டெனிஸ் வீராங்கனை அல்தியா கிப்சனின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன். கிடைத்த பதிலோ நான் எதிர்பார்த்ததல்ல.

1927 ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், பருத்தி பயிரிட்ட ஏழைக் கறுப்பினக் குடும்பமொன்றில் அல்தியா பிறந்தார். அவரது சிறுவயதிலேயே குடும்பம் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வாகனங்களுக்கு மூடப்பட்ட வீதியொன்றில் மரத்துடுப்பால் பந்தடித்துப் பழகினார். 12 வயதில் அந்த விளையாட்டில் நகரின் சம்பியனானார். அயலவர்கள் காசு சேர்த்து அவரை டெனிஸ் கழகமொன்றில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அவரோ பாடசாலையை இடையிலேயே விட்டிருந்தார்.

அவரது திறமையைக் கண்ட கறுப்பின வைத்தியர்கள் இருவர் அவருக்குக் கைகொடுத்தனர். ஒருவர் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் படிப்பித்தார். மற்றவர் கோடைக் காலங்களில் பயிற்சியளித்தார். தன்னைவிட வயது குறைந்தவர்களுடன் வகுப்பில் அமர்ந்து படித்த அல்தியா, 1949 இல் உயர்நிலைப் பள்ளியையும் 1953 இல் பல்கலைக்கழகப் படிப்பையும் நிறைவுசெய்தார்.

அக்காலத்தில் அமெரிக்கத் தேசிய டெனிஸ் போட்டியின் கதவு கறுப்பினத்தவருக்குத் திறக்கப்படவில்லை. முன்னாள் சம்பியன் அலிஸ் மார்பிள் என்ற வெள்ளையினப் பெண், அந்த அநீதியைக் கண்டித்துச் சஞ்சிகையொன்றில் எழுதினார். 1950 இல், தனது 23 ஆவது வயதில், அல்தியா அந்த மைதானத்தில் கால்வைத்தார்.

1955 இன் இறுதியில் தொடங்கிய நல்லெண்ணப் பயணத்தில் அவர் இந்தியா, பர்மா, பாகிஸ்தான் முதலிய நாடுகளுடன் நம் இலங்கைக்கும் வந்தார் என்று வாசித்தபோது எனக்குள் ஒரு மகிழ்ச்சி. 1956 இல் பிரெஞ்சுப் பட்டத்தை வென்று, கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவரானார். 1957 இல் விம்பிள்டன் கிண்ணத்தை எலிசபெத் மகாராணியின் கையால் பெற்றார். அவ்வருடமும் அடுத்த வருடமும் விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்கள் இரண்டும் அவருக்கே கிடைத்தன. ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் எனப் பதினொரு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்றார்.

ஆயினும் அப்போட்டிகளில் அன்று பரிசுப் பணம் இல்லை. வாழ்வதற்காகப் பாடினார், திரைப்படத்தில் நடித்தார், கோல்ஃப் விளையாடினார். முதுமையில் வாடகைக்கும் மருந்துக்கும் தவித்தார். அப்போது உதவ முன்வந்தவர், யூதப் பெண் என்பதால் தானும் ஒதுக்கலை அனுபவித்த பழைய இரட்டையர் துணை அஞ்சலா பக்ஸ்டன். அவரது முயற்சியால் பல திசைகளிலிருந்தும் பணம் வந்து சேர்ந்தது. 2003 இல் அல்தியா மறைந்தார்.

இவற்றையெல்லாம் உம்மாவிடம் சொன்னேன். பந்து அவருக்குச் சோறு போடவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அவர் அன்று விளையாடாமல் இருந்திருந்தால், பின்னால் வந்த எத்தனையோ பிள்ளைகள் பூட்டிய கதவின் முன்னேதான் நின்றிருப்பார்கள். விட்ட படிப்பை அவரே தேடிச் சென்று முடித்ததையும் சொன்னேன்.

உம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, பரீட்சை முடியும் வரை சனிக்கிழமை மட்டும் பயிற்சிக்குப் போகலாம் என்றார். இப்போது சனிக்கிழமைகளில் மைதானத்திலும் மற்ற நாட்களில் புத்தகத்தோடும் இருக்கிறேன். இரண்டையும் விடுவதாக இல்லை.