அச்சுத மேனன்: கேரளாவின் அலட்டாத முதல்வர் கட்டியது என்ன? காக்கத் தவறியது என்ன?

2022 நவம்பரில் கேரளாவில் ஒரு பழைய சாதனை முறிந்தது. இடைவெளி இல்லாமல் அதிக நாட்கள் முதல்வராக இருந்தவர் என்ற பெயர் பினராயி விஜயனுக்கு வந்தது. அதற்கு முன் 45 ஆண்டுகள் அந்தச் சாதனையை வைத்திருந்தவர் சி. அச்சுத மேனன். மொத்தம் 2,364 நாட்கள்.

கேரள கம்யூனிஸ்ட் என்றதும் உங்களுக்கு ஈ.எம்.எஸ். ஞாபகம் வரலாம். அச்சுத மேனன் பெயர் சட்டென்று வராது. ஆனா, 'கேரளா மாடல்' என்று நாம இன்றைக்குப் பேசுகிற விஷயத்தில் பாதி, இவர் ஆட்சியில்தான் நடைமுறைக்கு வந்தது.

யார் இவர்?

1913-இல் திருச்சூர் பக்கம் புதுக்காட்டில் பிறந்தவர். சட்டம் படித்தார், வக்கீலாகத் தொழில் செய்தார், காங்கிரஸ் வழியாக அரசியலுக்கு வந்து கம்யூனிஸ்ட் ஆனார். சிறை, தலைமறைவு வாழ்க்கை இரண்டையும் பார்த்தவர். 1957-இல் ஈ.எம்.எஸ். தலைமையில் அமைந்த கேரளாவின் முதல் அரசில் நிதியமைச்சர். அந்த அரசு 1959-இல் கலைக்கப்பட்டது.

1964-இல் கட்சி இரண்டாக உடைந்தபோது, ஈ.எம்.எஸ். மார்க்சிஸ்ட் பக்கம் போனார். மேனன் பழைய கட்சியிலேயே, அதாவது சிபிஐ-யிலேயே இருந்தார். அவரது அரசியல் பாதையைத் தீர்மானித்தது அந்த முடிவுதான்.

சிறிய கட்சிக்காரர் எப்படி முதல்வரானார்?

1969-இல் ஈ.எம்.எஸ். தலைமையிலான ஏழு கட்சிக் கூட்டணி உட்பூசலில் கவிழ்ந்தது. அப்போது மேனன் மாநிலங்களவை உறுப்பினர். கேரள சட்டமன்றத்தில் அவர் இல்லவே இல்லை. கூட்டணிக் கட்சிகள் எல்லாம் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு ஆள் தேவைப்பட்டார். அப்படித்தான் 1969 நவம்பர் 1-ஆம் தேதி அவர் முதல்வரானார்.

1970 தேர்தலுக்குப் பிறகு மீண்டும் அவரே. தேர்தல் நடந்த 133 இடங்களில் அவர் கட்சிக்கு 20 இடம்கூட கிடையாது. காங்கிரஸ் முதலில் வெளியிலிருந்து ஆதரவு தந்தது, 1971-இல் அமைச்சரவையிலும் சேர்ந்தது. கே. கருணாகரன் உள்துறை அமைச்சரானார். இந்தப் பெயரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மார்க்சிஸ்ட்டுகள் அவரைத் துரோகி என்றே பார்த்தார்கள். 1973-இல் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் 54 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்தக் 'கம்யூனிஸ்ட்' முதல்வர் இறங்கி வரவில்லை. மிதவாதி என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் என்று அர்த்தமில்லை.

அப்படி என்ன செய்தார்?

முதலில் நிலம். சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது ஈ.எம்.எஸ். அரசு. ஆனால் 1970 ஜனவரி 1-ஆம் தேதி அது அமலுக்கு வந்தபோது ஆட்சியில் இருந்தவர் மேனன். சட்டம் போடுவது ஒரு வேலை. லட்சக்கணக்கான மனுக்களை வாங்கி, விசாரித்து, பட்டா கொடுப்பது வேற வேலை. குத்தகைதாரர்கள் உழுத நிலத்துக்கு உரிமையாளர்கள் ஆனார்கள். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கு, ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. நகரத்தில் அளவு குறைவு. எப்ப வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம் என்ற பயம் போனது.

அடுத்து வீடு. வீட்டுவசதி அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் முன்னின்று நடத்திய 'லட்சம் வீடு' திட்டத்தின் பெயரில், கேரள கிராமங்களில் இன்றும் காலனிகள் இருக்கின்றன.

மூன்றாவது, நிறுவனங்கள். பொருளாதார நிபுணர் கே.என். ராஜை அழைத்து வந்து, 1971-இல் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம் தொடங்க வழி செய்தார். அந்த வளாகத்தைக் குறைந்த செலவில் செங்கல்லால் கட்டியவர் லாரி பேக்கர். வருமானம் குறைவாக இருந்தும் கல்வியிலும் ஆரோக்கியத்திலும் கேரளா எப்படி முன்னேறியது என்று உலகத்துக்குச் சொன்ன ஆய்வு அங்கிருந்துதான் வந்தது. 1973-இல் கெல்ட்ரான், மாநில அரசின் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம். பிறகு ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம். டாக்டர் வலியத்தான் தலைமையில் அங்கே உருவான செயற்கை இதய வால்வு 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இதில் ஒரு பொதுவான பாணியைக் கவனித்தீர்களா? சரியான ஆளைக் கண்டுபிடி, இடமும் பணமும் கொடு, அப்புறம் நீ விலகி நில். உங்க ஆபீஸில் இப்படி ஒரு மேலாளர் இருந்தால் கொண்டாடுவீர்கள்.

விட்டுப்போனது எது?

நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்களுக்கு விலக்கு இருந்தது. குத்தகைதாரருக்கு வயல் கிடைத்தது. அந்த வயலில் கூலி வேலை செய்த தலித்துகளில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது வீட்டு மனை மட்டும். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் கம்பெனியின் லயன் வீடுகளிலேயே தொடர்ந்தார்கள். 2020-இல் பெட்டிமுடி நிலச்சரிவில் புதைந்தது அப்படிப்பட்ட வீடுகள்தான்.

எமர்ஜென்சியில் என்ன நடந்தது?

1975-இல் நெருக்கடி நிலை வந்தது. சிபிஐ அதை ஆதரித்தது. மேனன் முதல்வராகத் தொடர்ந்தார். சட்டமன்றத்தின் ஆயுளும் நீட்டிக்கப்பட்டது.

1976 மார்ச் 1-ஆம் தேதி, கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கக்கயம் முகாமில் சித்திரவதை செய்யப்பட்ட அவர் திரும்பி வரவே இல்லை. உடல்கூட கிடைக்கவில்லை. அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். உள்துறை அமைச்சர் கருணாகரனில் ஆரம்பித்து எல்லாக் கதவுகளையும் தட்டினார். முதல்வரையும் நேரில் பார்த்தார். எதுவும் நடக்கவில்லை. பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்பில் மேனன் மீதான கசப்பை அவர் மறைக்கவில்லை.

1977 தேர்தலில் அதே கூட்டணி பெரும் வெற்றி பெற்றது. மேனன் போட்டியிடவில்லை. கருணாகரன் முதல்வரானார். ஈச்சர வாரியர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தீர்ப்பு வந்த சில நாட்களில், பதவியேற்று ஒரு மாதத்திலேயே கருணாகரன் ராஜினாமா செய்தார்.

சரி, அவரை எப்படி மதிப்பிடுவது?

64 வயதில் தேர்தல் அரசியலை விட்டுவிட்டு, திருச்சூரில் படிப்பதும் எழுதுவதுமாக இருந்த மேனன், 1991 ஆகஸ்ட் 16-ஆம் தேதி காலமானார். ஊழல் கறை இல்லாதவர் என்று எதிரணியினரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது இது: பொறுப்பைப் பிரித்துக் கொடுத்து, அடுத்தவர் துறையில் தலையிடாமல் இருந்த அதே குணம்தான் நல்ல நிறுவனங்களையும் வளர்த்தது, காவல் துறையையும் கேள்வி கேட்காமல் விட்டது. எங்கே ஒதுங்கி நிற்பது, எங்கே குறுக்கே நிற்பது என்று தெரிவதும் மிதவாதத்தின் ஒரு பகுதிதான். முதலாவதில் அவர் ஜெயித்தார். இரண்டாவதில் தோற்றார். அந்தத் தோல்விக்கு விலை கொடுத்தது ஒரு அப்பாவும் அவர் மகனும்.