அங்கீகாரம் கிடைக்காத மதுரை: கான் சாஹிப்

நமது காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பித் தரச் செய்த 1763ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கைதான் மதுரை கான் சாஹிபின் கனவையும் கலைத்தது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

மருதநாயகம் என்று மக்கள் அறிந்த, இஸ்லாத்தைத் தழுவிய யூசுஃப் கான், ஆங்கிலேயக் கம்பெனியின் சிப்பாய்ப் படைத் தளபதியாக உயர்ந்தவர். 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. கொள்ளையரை அடக்கினார், கண்மாய்களைச் செப்பனிட்டார்.

பின்னர் ஆற்காடு நவாப் முஹம்மது அலிக்குப் பணிய மறுத்து, மதுரையைத் தனியாட்சியாக்கி, 1763இல் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். பிரான்ஸோ அதே உடன்படிக்கையில் முஹம்மது அலியையே முறையான நவாபாக ஏற்றுக்கொண்டது.

தனித்து நின்று முற்றுகையைப் பல மாதங்கள் தாங்கியவரை உடனிருந்தோரே காட்டிக்கொடுத்தனர். 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார்.

அடுத்தவர் கொடியின் நிழல் நிலைக்காது என்பதே நமக்கான படிப்பினை. மதுரை சம்மட்டிபுரத்தில் அடங்கியிருக்கும் அவருக்காக துஆ செய்வோம்.