மாண்டிசோரி அம்மையார்

சென்னைக்குத் தெற்கே, அடையாறு கடலோடு கலக்கும் இடத்தில், பிரம்மஞான சபையின் தோட்டம் பரந்து கிடக்கிறது. ஆலமரம் ஒன்றால் பெயர்பெற்ற தோட்டம் அது. அதனைக் கடந்து தெற்கே சென்றால் திருவான்மியூர். அதற்கும் அப்பால் கோவளம், மாமல்லபுரம் என்று கடற்கரை நீண்டு செல்லும். திருவான்மியூர் தொடங்கி அக்கரை முழுவதும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1939-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், 69 வயது நிரம்பிய இத்தாலிய மூதாட்டியார் ஒருவர் இத்தோட்டத்திற்கு வந்து சேர்ந்தார். சில திங்கள் தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்துவிட்டு ஊர் திரும்புவதே அவருடைய எண்ணம். ஆயின், உலகப் போர் அவரைத் திரும்ப விடவில்லை. அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள், இத்தாலி நாட்டிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் அவருக்குக் கணக்கிலே பெருவிருப்பம். பொறியியல் கற்க எண்ணிப் பின்னர் மருத்துவத்தை நாடினார். அக்காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் மருத்துவம் பயிலுதல் அரிதினும் அரிது. இறந்தோர் உடலை அறுத்து ஆராயும் பாடத்தில் ஆடவரோடு ஒரு பெண் உடனிருத்தல் தகாது என்றனர். ஆதலின், ஏனைய மாணவர் சென்ற பின்னர், அவர் தனியாக இருந்து அப்பாடத்தைக் கற்க வேண்டியதாயிற்று. அதற்கும் அஞ்சாது பயின்று, 1896-ஆம் ஆண்டில் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மருத்துவராகப் பணி தொடங்கிய அவர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் அடைத்து வைக்கப்பட்டிருந்த இடங்களுக்குச் சென்று பார்த்தார். உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்கினர். அதனைக் கீழ்மை என்று பணியாளர் வெறுத்தனர். அம்மையாரோ அறையைச் சுற்றிப் பார்த்தார். கையால் எடுத்துப் பார்ப்பதற்கு அங்கே வேறு ஒரு பொருளும் இல்லை. குழந்தைகள் தேடியது உணவையன்று. கைக்கு ஒரு வேலையையே தேடினர். அறிவு கையின் வழியாகவும் வளர்கிறது என்னும் எண்ணம் அன்று அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், உரோமை நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லோரென்சோப் பகுதியில், அவர் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பள்ளிக்குச் செல்லும் வயது எய்தாத அக்குழந்தைகள், விளையாட்டுப் பொம்மைகளை ஒதுக்கிவிட்டு, உருளைகளைத் துளைகளிற் பொருத்துவதிலும், மேசையைத் துடைப்பதிலும், எழுத்தின் வடிவை விரலால் தடவி அறிவதிலும் நெடுநேரம் ஈடுபட்டிருந்தனர். இச்செய்தி கேட்டுப் பல நாட்டார் அங்கு வந்து கண்டு சென்றனர். சில ஆண்டுகளுக்குள் அவருடைய முறை கண்டங்கள் பலவற்றிலும் பரவியது. காந்தியடிகள் 1931-ஆம் ஆண்டில் வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் சென்றபோது அம்மையாரைச் சந்தித்து அளவளாவினார்.

புகழ் வந்த அளவுக்குத் துன்பமும் வந்தது. குழந்தைகளைப் போருக்குரிய படைஞராகப் பழக்க விரும்பிய முசோலினியின் ஆட்சியோடு அவருக்கு ஒத்துவரவில்லை. 1934-ஆம் ஆண்டில் அவர் இத்தாலியை விட்டு நீங்கினார். ஸ்பெயினிலே தங்கினார், 1936-இல் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டது. ஆலந்து நாட்டிற்குச் சென்றார். அங்கிருந்தபோதுதான் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்த ருக்மிணி தேவியும் அவரை இந்தியாவிற்கு அழைத்தனர்.

அடையாற்றில் நடந்த முதற்பயிற்சிக்கு நாட்டின் பல பகுதிகளினின்றும் 300-க்கு மேற்பட்டோர் வந்தனர். அவர்களுக்காகக் கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன. அம்மையார் இத்தாலிய மொழியிலேயே பேசுவார். மகன் மாரியோ ஒவ்வொரு தொடரையும் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். ஒரு மொழியிற் பேசி, மற்றொரு மொழியிற் கேட்டு, தமிழிலும் தெலுங்கிலும் வேறு பல மொழிகளிலும் கற்பிக்கச் சென்ற அவ்வாசிரியர்களின் நிலையை எண்ணினால் வியப்பு உண்டாகும். சொல்லைவிடப் பொருள் முந்தி நின்றதனால்தான் இது கைகூடியது போலும்.

1940-ஆம் ஆண்டு சூன் 10-ஆம் நாள் இத்தாலி போரில் இறங்கியது. அன்று முதல் தாயும் மகனும் பகைநாட்டாராகக் கருதப்பட்டனர். மாரியோவை அகமத்நகர்க் காவல் முகாமுக்குக் கொண்டு சென்றனர். அம்மையாருக்கு அடையாற்றுத் தோட்டமே எல்லையாயிற்று. எந்த ஆட்சியின் போர்வெறியை வெறுத்து அவர் நாட்டைத் துறந்தாரோ, அந்த ஆட்சியின் குடியாகவே கருதப்பெற்று அவர் ஈண்டுக் காவலில் இருக்க நேர்ந்தது! நாவும் செவியுமாய் உடனிருந்த மகனும் அருகில் இல்லை. எனினும், அரசினர் அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், அவருடைய 70-ஆம் பிறந்த நாளன்று, மாரியோவை விடுவித்துத் தாயிடம் அனுப்பி வைத்தனர்.

பின்னர்க் கட்டுப்பாடு தளர்ந்தது. 1942-ஆம் ஆண்டு முதல் 1944-ஆம் ஆண்டு வரை அம்மையாரும் மாரியோவும் கொடைக்கானலில் தங்கினர். அங்குச் சிறு பள்ளி ஒன்று உருவாயிற்று. பல வயதினரும் பல நாட்டினரும் ஆகிய குழந்தைகள் அதில் ஒன்றாகப் பயின்றனர். இலங்கையைச் சேர்ந்த லேனா விக்கிரமரத்தினா என்னும் ஆசிரியை உடனிருந்து உதவினார். அதுவரை அம்மையாரின் பெயர் பெரும்பாலும் 6 வயதிற்கு உட்பட்ட குழந்தைகளின் கல்வியோடே சேர்த்துப் பேசப்பட்டது. தொடக்கப்பள்ளி வயதினராகிய 6 முதல் 12 வரையுள்ள பிள்ளைகளுக்கு அறிவியலை எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்பதை அவர் முழுமையாக வகுத்தது இப்பழனி மலைமீதுதான்.

சிறு குழந்தை, இது என்ன என்று கேட்கும். ஆறு வயது கடந்த பிள்ளையோ, இது ஏன் என்று கேட்கும். கைக்கெட்டும் பொருள்கள் மட்டும் அப்பிள்ளைக்குப் போதா. கண்ணுக்குத் தெரியாத தொலைவையும் காலத்தையும் கற்பனையால் எட்டிப் பிடிக்க அஃது அவாவும். ஆதலின், பாடத்தைத் துண்டு துண்டாக அறுத்துக் கொடுக்கும் வழக்கத்தை அம்மையார் தலைகீழாக மாற்றினார். முதலிலேயே பேரண்டத்தின் கதையைச் சொல்லிவிடுவார். கதைக்கிடையே செய்து காட்டும் சோதனைகளும் உண்டு. தேன், நீர், எண்ணெய் மூன்றையும் ஒரு கண்ணாடிக் கலத்தில் ஊற்றினால், ஒவ்வொன்றும் தன் எடைக்கேற்ற இடத்தை அடைந்து தங்கும். நீரில் மிதக்கும் காகிதத் துணுக்குகள் ஒன்றையொன்று நாடி நெருங்கும். இவற்றைக் கண்ட பிள்ளை, பூமி குளிர்ந்து அடுக்கடுக்காக அமைந்த கதையைத் தன் கண்ணெதிரே நடந்ததாகவே உணரும். பெரியதொரு மஞ்சள் வட்டமும் அதன் அருகே ஒரு சிறு புள்ளியும் வரைந்த படம் ஞாயிற்றையும் பூமியையும் காட்டும். ஞாயிற்றின் பருமனில் ஏறத்தாழ 13 இலட்சம் பூமிகள் அடங்கும் என்னும் எண் அதன் பின்னரே வரும்.

காலத்தை எவ்வாறு காட்டுவது? இது குறித்து அம்மையாரின் மாணாக்கர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு. தங்கள் நாட்டு நாகரிகத்தின் பழைமையை மாணவர் சிலர் பெருமையாகப் பேசக் கேட்ட அவர், ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள கறுப்புத் துணி நாடா ஒன்றைச் செய்வித்தார். அதனை ஓர் உருளையிற் சுற்றி, வழி நெடுகப் பிரித்துக்கொண்டே சென்றனர். அது பூமியின் வயது. நாடா முழுவதும் கறுப்பு; அதன் கடைசி முனையில் மட்டும் மெல்லிய வெண்கோடு ஒன்று இருந்தது. அதுவே மனித இனத்தின் வாழ்வு!

இந்நாடாவை இன்றைய கணக்குக்கு ஏற்ப நம் கடற்கரையில் விரித்துப் பார்ப்போம். பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. அதனை 300 மீட்டரில் அடக்கினால், ஒரு சென்ட்டிமீட்டர் ஒன்றரை இலட்சம் ஆண்டு ஆகும். மாமல்லபுரத்துக் கற்கோயில்கள் தோன்றி ஏறத்தாழ 1300 ஆண்டுகள் ஆயின. அக்காலம் நாடாவில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கும் ஆகாது. பல்லவர் குடைந்த அப்பாறையோ 200 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பழைமையுடையது. அதன் பிறப்பைத் தொட முனையிலிருந்து 130 மீட்டருக்கும் மேல் பின்னோக்கி நடக்க வேண்டும். வெறும் எண்ணாகச் சொன்னால் மறந்துபோகும் இவ்வுண்மையை, நடந்து பார்த்த கால்கள் மறப்பதில்லை.

அம்மையார் விரும்பி எடுத்துரைத்த மற்றொரு செய்தி கடலைப் பற்றியது. ஆறுகள் நிலத்தைக் கரைத்துச் சுண்ணாம்புச் சத்தைக் கடலுக்குக் கொண்டு சேர்க்கின்றன. அது மிகுந்துகொண்டே போனால் கடல் என்னாகும்? பவளப் பூச்சிகளும் சிப்பி உயிர்களும் அச்சத்தை உறிஞ்சித் தம் ஓடுகளாக்கிக் கொள்கின்றன. தம் வாழ்வுக்காக அவை செய்யும் வேலை, தாம் அறியாமலே உலகுக்கும் பயன்படுகிறது. செங்கற்பட்டுக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதனை விளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. கரையில் ஒதுங்கும் கிளிஞ்சலைப் பொடித்து, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டவிட்டால் நுரைத்தெழும். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கியதை வீட்டிலுள்ள முதியோர் அறிவர்.

பிள்ளை வகுப்பறைக்கு வெளியே சென்று காண வேண்டும் என்பதும் அம்மையாரின் உறுதியான கருத்து. ஊரில் நிகழும் நிகழ்ச்சியே சில வேளைகளில் சிறந்த பாடமாகிவிடும். 2025-ஆம் ஆண்டு சனவரியில் சென்னை, செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. கடலிலேயே வாழும் ஆமை நீரில் மூழ்கி இறக்குமா என்று ஒரு சிறுவன் கேட்கக்கூடும். மீன் செவுள்களால் மூச்சுவிடும்; ஆமைக்கோ நம்மைப் போலவே நுரையீரல். ஆதலின் அது அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். இழுவலையிற் சிக்கினால் வரவியலாது. இக்கேள்வியிலிருந்து மூச்சும் முட்டையும் மணலின் வெப்பமும் ஒவ்வொன்றாகப் பாடமாகும். மணல் மிக வெப்பமாயிருந்தால் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறக்கும். வெப்பமானி ஒன்றை மணலிற் புதைத்து நாள்தோறும் குறித்துவரப் பிள்ளைகளால் இயலும். வலையும் ஆமையும் ஒரே கடலில் இருக்க வழி என்ன என்னும் கேள்வி, மீனவர் வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வுக்காகப் படிக்கும் கேள்வியன்று. தந்தையின் தொழிலைப் பற்றியது.

இம்முறை எளிதன்று. இங்கே ஆசிரியர் பாடநூலின் அடுத்த பக்கத்தைப் புரட்டினால் மட்டும் போதாது. பிள்ளை எதைக் கேட்கும் என்பது அவருக்கு முன்கூட்டித் தெரியாது. நிரம்பக் கற்றிருக்க வேண்டும். கற்றதை வாய்விட்டுச் சொல்லாமல் காத்திருக்கவும் வேண்டும். இரண்டாவதே கடினம். இன்று மாண்டிசோரி என்னும் பெயரைக் கட்டணம் மிகுந்த மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளிலேயே மிகுதியாகக் காண்கிறோம். சேரிக் குழந்தைகளிடம் தொடங்கிய ஒருவருக்கு இஃது ஏற்ற நினைவு ஆகுமா என்பது ஐயமே. எனினும், 2007-ஆம் ஆண்டில் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், தரையில் அமர்ந்து அட்டைகளையும் மணிகளையும் கையாண்ட பிள்ளைகளிடம் அவருடைய சாயலைக் காண முடிந்தது.

போர்க்காலத்து இறுதியில் அம்மையார் இலங்கைக்கும் சென்று பயிற்சியளித்தார். 1946-இல் ஐரோப்பாவிற்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார். கலாக்ஷேத்திரம் அவருடைய நூல்களை அச்சிட்டு வெளியிட்டது. 1949-இல் அவர் இந்நாட்டை விட்டு நீங்கியபோது, அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டிருந்தனர். அவ்வாண்டும் அடுத்த ஈராண்டும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது; பரிசு கிட்டவில்லை.

1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், ஆலந்து நாட்டின் கடற்கரை ஊராகிய நூர்த்விக்கில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 81. ஆப்பிரிக்கா சென்று அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிப்பது பற்றி அந்நாட்களில் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். அவ்வூரிலேயே அவரை அடக்கம் செய்தனர்.